காத்திருப்பதா, கிளம்புவதா? – யூத ரபிகளின் நூறாண்டு வாக்குவாதம்

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன வாரம் போன் பண்ணி, "தலைப்பு என்னப்பா?" என்று கேட்டார். "ரபிகள்" என்றேன். "ரபி பருவமா? விவசாயமா?" என்றார். "பாதி சரிதான் அண்ணே" என்றேன். ஏன் பாதி சரி என்பது போகப் போகத் தெரியும்.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இதே மேடைக்கு நான் ஒரு கடன் பாக்கி வைத்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது இங்கே ஒரு பட்டிமன்றம் நடந்தது. 'சமுதாயத்தை மாற்றுவது சமயமா, அறிவியலா?' நான் அறிவியல் அணியின் கடைசிப் பேச்சாளர். என்ன சொன்னேன் தெரியுமா? "யூத மக்களைப் பாருங்கள்! ஆயிரத்து எண்ணூறு வருஷமாக அவர்களுடைய மதகுருமார்கள், பொறுத்திரு, மெசியா வருவார் என்று சொல்லிச் சொல்லியே உட்கார வைத்தார்கள். தியோடர் ஹெர்சல் என்று ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். எழுந்து நட என்றார். நடந்தார்கள்!" அரங்கம் அதிரக் கைதட்டல். பரிசாக ஒரு எவர்சில்வர் தம்ளர். அம்மா இன்றைக்கும் அதில்தான் எனக்குக் காப்பி கொடுக்கிறார்.

நான் பேசியது தப்பு. அது தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. சொட்டு நீர்ப் பாசன வேலையில் இருந்தபோது, அந்தத் தொழில் வளர்ந்த இஸ்ரேலின் விவசாய வரலாற்றைப் புரட்டினேன். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை நிலத்தை உழவும் கூடாது, விதைக்கவும் கூடாது என்று அவர்களுக்கு ஒரு வேதக் கட்டளை உண்டு என்று படித்தேன். எஞ்சினியர் புத்தி உடனே கேட்டது: 'அந்த ஒரு வருஷம் சோத்துக்கு என்ன பண்ணினாங்க?' அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனவன், பட்டிமன்றத்தில் நான் சொன்னதற்கு நேர் எதிரான இடத்தில் போய் நின்றேன்.

முதலில் ஒரு விளக்கம். ரபி என்பவர் நம் ஊர்ப் பூசாரி மாதிரி அல்ல. அவர் சட்டம் படித்தவர். எது கூடும், எது கூடாது என்று ஊர் மக்கள் அவரிடம்தான் கேட்பார்கள். ஊரில் தீராத கேள்வியைப் பெரிய ரபிக்குக் கடிதமாக எழுதுவார்கள். அவர் சொல்லும் பதில் தீர்ப்பு. ஆனால் எல்லா ரபிகளுக்கும் மேலே ஒரு தலைமைப் பீடம் கிடையாது. அதனால் ஒரே கேள்விக்கு இரண்டு பெரியவர்கள் இரண்டு பதில் சொன்னால், இரண்டும் நிற்கும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் முதல் தப்பு. ஹெர்சல் பிறந்தது 1860-ல். 'யூத அரசு' என்ற அவருடைய சிறு நூல் வந்தது 1896-ல். ஆனால் 1836-லேயே, தோர்ன் என்ற பிரஷ்ய நகரத்தில் வாழ்ந்த ரபி ஸ்வி ஹிர்ஷ் காலிஷர், ரோத்ஷில்டு என்ற பெரும் வங்கிக் குடும்பத்துக்குக் கடிதம் எழுதினார். பாலஸ்தீனத்தில் நிலம் வாங்குங்கள், நம் மக்களைக் குடியேற்றுங்கள் என்று கேட்டார். பெல்கிரேடுக்குப் பக்கத்தில் செம்லின் என்ற ஊரில் ரபியாக இருந்த யெஹுதா அல்கலாய், 1843-ல் ஒரு நூலே வெளியிட்டார். சுற்றிலும் கிரேக்கர்களும் செர்பியர்களும் தங்கள் நாட்டுக்காக எழுந்துகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். யூதர்கள் ஒரு பொதுச் சபை அமைக்க வேண்டும், பத்தில் ஒரு பங்கு காணிக்கை திரட்ட வேண்டும், ஜெபத்திலும் படிப்பிலும் மட்டும் இருந்த ஹீப்ருவைப் பேச்சு மொழியாக்க வேண்டும் என்றெல்லாம் அவர் எழுதினார். பின்னால் சியோனிச இயக்கம் செய்த பல வேலைகளுக்கு அங்கேயே பட்டியல் இருக்கிறது. இன்னொரு செய்தி கேளுங்கள். அந்தச் செம்லின் ஊரில்தான் ஹெர்சலின் தாத்தா வாழ்ந்தார். அல்கலாயின் தொழுகைக்கூடத்துக்குப் போய் வந்தவர் அவர்.

காலிஷரின் வாதம் எளிமையானது. மீட்பு என்பது ஒரே நாளில் வானத்திலிருந்து குதிப்பதில்லை. விடியற்காலை வெளிச்சம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வரும். முதல் படி மனிதன் வைக்க வேண்டியது. ஆட்சியாளரின் அனுமதியோடு, காசு கொடுத்து நிலம் வாங்கி, உழுது பயிரிட வேண்டியது. அதிசயம் பிறகு வரட்டும். 1862-ல் இதையே 'சியோனைத் தேடுதல்' என்ற பொருள் தரும் நூலாக எழுதினார். 1870-ல் யாஃபா அருகே மிக்வே இஸ்ரேல் என்ற விவசாயப் பள்ளி தொடங்கியபோது, அதற்காக வெகு நாளாகக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

சரி, இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாரே, மற்ற ரபிகள் ஏன் கேட்கவில்லை? பழமைவாதம், பயம் என்று அன்றைக்கு நான் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். ஆனால் அவர்கள் பக்கம் கனமான காரணங்கள் இருந்தன.

முதலாவது சாத்திரம். தல்மூதில் மூன்று சத்தியங்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. இஸ்ரவேல் மக்கள் கூட்டமாகப் பலவந்தமாகப் போகக் கூடாது. அயல் நாட்டாருக்கு எதிராகக் கலகம் செய்யக் கூடாது. அயல் நாட்டாரும் அவர்களை அளவுக்கு மீறி ஒடுக்கக் கூடாது. எதிர்த்தவர்கள் முதல் சத்தியத்தைக் காட்டினார்கள். ஆதரித்தவர்கள், 'அனுமதி வாங்கிக்கொண்டு, விலை கொடுத்து வாங்கிப் போவது பலவந்தம் ஆகாது' என்றார்கள். ஒரே பக்கம், ஒரே வரி, இரண்டு முடிவு.

இரண்டாவது அனுபவம். 1665-ல் சபத்தாய் ஸ்வி என்பவர் மெசியா என்று அறிவிக்கப்பட்டார். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் யூதர்கள் பெட்டி படுக்கையைக் கட்ட ஆரம்பித்தார்கள். சிலர் வீடு வாசலையே விற்றார்கள். அடுத்த ஆண்டே அவர் துருக்கி சுல்தான் முன்னால் நின்று இஸ்லாத்துக்கு மாறிவிட்டார். நம்பியவர்களுக்கு ஏற்பட்ட அவமானமும் பிளவும் தலைமுறை தலைமுறையாக நீடித்தன. 'இதோ விடியப் போகிறது' என்று யார் சொன்னாலும் ரபிகள் நெருப்பைப் பார்த்த மாதிரி விலகியதற்கு இந்தச் சூடும் ஒரு காரணம்.

மூன்றாவதாகப் பிராங்க்ஃபர்ட்டில் சாம்சன் ரஃபாயேல் ஹிர்ஷ் போன்றவர்களின் நிலை. அவர் இந்த மண்ணையோ அதன் நினைவையோ மறுத்தவர் அல்ல. நாடு கடந்து வாழ்வதற்கும் கடவுள் ஒரு பணி வைத்திருக்கிறார், அதைச் செவ்வனே செய்வதே நம் கடமை, மீட்பின் நேரத்தை நாம் நிர்ணயிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

இப்படி ஏட்டளவில் நடந்த வாதத்தை 1881-ம் ஆண்டு வீதிக்கு இழுத்து வந்தது. ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். தொடர்ந்து தெற்கு ரஷ்ய ஊர்களில் யூதர்களின் வீடும் கடையும் சூறையாடப்பட்டன. மக்கள் லட்சக்கணக்கில் கிளம்பினார்கள். பெரும்பாலோர் அமெரிக்காவுக்குத்தான் போனார்கள். ஒரு சிறு பகுதியினர் பாலஸ்தீனத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு உதவ ஊர் ஊராகச் 'சியோன் நேசர்கள்' என்ற சங்கங்கள் முளைத்தன. இதில் முன்னால் நின்றவர் ரபி ஷ்முவேல் மொகிலெவர். 1882-ல் பாரிஸ் போய்ப் பெரும் செல்வர் பாரன் எட்மண்ட் ரோத்ஷில்டைச் சந்தித்து அவர் மனசைக் கரைத்தார். அதன் பயனாக ரஷ்யாவிலிருந்து வந்த விவசாயிகளுக்காக எக்ரோன் என்ற கிராமம் 1883-ல் உருவானது. ரிஷோன் லெசியோன், சிக்ரோன் யாக்கோவ், ரோஷ் பினா என்று வேறு கிராமங்களும் அந்த ஆண்டுகளில் எழுந்தன.

வொலோஷின் என்ற ஊரின் பெரிய வேதபாடசாலைத் தலைவர் நஃப்தலி ஸ்வி பெர்லினும் இந்த இயக்கத்தை ஆதரித்தார். ஆனால் அவருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. புண்ணிய பூமிக்குப் போகிறவன் கட்டளைகளைக் கடைப்பிடித்து வாழ வேண்டும். கெதெரா கிராமத்துப் படித்த இளைஞர்கள் அப்படி வாழவில்லை என்று புகார் வந்தபோது கொதித்துப் போனார். ஆக, போகலாமா கூடாதா என்பது பழைய கேள்வியாகிவிட்டது. போனவன் எப்படி வாழ வேண்டும், அதை யார் முடிவு செய்வது என்பது புதிய கேள்வி.

இங்கேதான் செயலாளர் அண்ணனின் விவசாயம் வருகிறது.

அந்த ஏழாம் ஆண்டுக்கு ஷ்மிட்டா என்று பெயர். புண்ணிய பூமிக்கு மட்டும் பொருந்தும் கட்டளை அது. யூதர்கள் போலந்திலும் ரஷ்யாவிலும் இருந்த வரைக்கும் அது புத்தகத்தில் இருந்த பாடம். 1888 இலையுதிர் காலத்தில் தொடங்கிய ஆண்டு ஷ்மிட்டா ஆண்டு. புதிய கிராமங்கள் சந்தித்த முதல் பெரிய சோதனை அதுதான். கொடிமுந்திரி நட்டு ஐந்தாறு வருஷம்தான் ஆகிறது. கையில் சேமிப்பு இல்லை. பாரனின் உதவிப் பணத்தில் அடுப்பு எரிகிறது. ஒரு வருஷம் கவாத்து பண்ணாமல், உழாமல் விட்டால் தோட்டம் என்ன ஆகும்? உங்களில் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி ஐரோப்பாவுக்குப் போனது. மொகிலெவர் உட்பட மூன்று ரபிகள் ஒரு வழி கண்டார்கள். நிலத்தையும் தோட்டத்தையும் குறிப்பிட்ட காலத்துக்கு யூதரல்லாத ஒருவருக்குப் பத்திரம் போட்டு விற்றுவிடுவது. மண் நம்முடையது இல்லை என்று ஆனபின் கட்டளையின் பிடி தளரும். இன்றைய நிலையில் ஷ்மிட்டா நேரடி வேத விதியாக இல்லாமல் முன்னோர் வகுத்த விதியாகத்தான் நிற்கிறது, அதனால் நெருக்கடியில் தளர்த்தலாம் என்பது அவர்கள் அடிப்படை. அன்றைய ரஷ்ய யூதர்களின் மிகப் பெரிய நீதிமானாக மதிக்கப்பட்ட கோவ்னோ நகர ரபி இட்ஸ்ஹாக் எல்ஹனன் ஸ்பெக்டர், அந்த ஒரு முறைக்கு மட்டும் என்று நிபந்தனைகளோடு ஒப்புதல் கொடுத்தார். முடிந்தவரை வேலையை யூதரல்லாத கூலியாட்கள் செய்ய வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் இருந்தது.

எதிர்த்தவர்கள் யார்? எருசலேமின் ரபிகள் ஷ்முவேல் சலாந்தும் யெஹோஷுவா லெய்ப் டிஸ்கினும். இன்னொருவர் யார் தெரியுமா? குடியேற்றத்தை ஆதரித்த வொலோஷின் பெர்லின்! புண்ணிய பூமியின் மண்ணை அயலாருக்கு விற்பதே ஒரு தடை, ஒரு விதியைத் தாண்ட இன்னொரு விதியை மிதிப்பதா என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. கட்டளையைக் காப்பாற்றத்தானே அங்கே போனோம், முதல் சோதனையிலேயே பத்திரம் எழுதித் தப்பிப்பதா என்ற ஆதங்கமும் அதற்குள் இருந்தது.

இப்போது எக்ரோன் விவசாயியை நினைத்துப் பாருங்கள். கோவ்னோவில் ஒரு பெரியவர் கூடும் என்கிறார். எருசலேமில் ஒரு பெரியவர் கூடாது என்கிறார். பாரனின் அதிகாரி கலப்பையைக் காட்டுகிறார். பிள்ளைகள் பசிக்குது என்கிறார்கள். பல கிராமங்களில் சலுகையை ஏற்று வேலை செய்தார்கள். எக்ரோன்காரர்கள் மாட்டேன் என்றார்கள். அதிகாரிகளோடு கடும் மோதல் வந்தது. அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பட்டிமன்றத்தில் நான் வரைந்த படத்தில் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் மதம், இன்னொரு பக்கம் நடக்கும் மனிதன். இங்கே பார்த்தால் நடந்தவனும் மதத்துக்காரன். நடந்த இடத்தில் கலப்பையைக் கீழே வைத்தவனும் அவனே. பட்டினி கிடக்காதே என்று வழி தேடியவரும் ரபி. வழி தவறு என்றவரும் ரபி. யாரைக் கோழை என்பது? யாரை மூடர் என்பது?

இதற்குப் பின்தான் ஹெர்சல் வருகிறார். 1897-ல் முதல் சியோனிச மாநாட்டை ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடத்த நினைத்தார். ஜெர்மன் ரபிகள் சங்கத்தின் நிர்வாகிகள் ஐந்து பேர் எதிர்த்து அறிக்கை விட்டார்கள். அந்த ஐவரில் பழமைவாதிகளும் உண்டு, சீர்திருத்தக்காரர்களும் உண்டு. தனி அரசு என்பது மெசியா நம்பிக்கைக்கு முரண், வாழும் நாட்டுக்கு உண்மையாக உழைப்பதே யூதரின் கடமை என்றார்கள். ஆனால் பாலஸ்தீனத்தில் விவசாயக் குடியேற்றம் நடப்பதைத் தாங்கள் எதிர்க்கவில்லை என்றும் அதே அறிக்கையில் சொன்னார்கள். மாநாடு சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு மாறியது. அமெரிக்கச் சீர்திருத்த ரபிகளோ 1885-லேயே பிட்ஸ்பர்க்கில் கூடி, நாங்கள் இனி ஒரு தேசம் அல்ல, ஒரு சமய சமூகம் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். 1937-ல் கொலம்பஸ் நகரில் அவர்களே அந்த நிலையைப் பெரிதும் மாற்றிக்கொண்டார்கள்.

ஆதரித்த ரபிகளாவது ஒரே குரலில் பேசினார்களா என்றால் அதுவும் இல்லை. 1902-ல் மிஸ்ராஹி என்ற சமயச் சியோனிசக் கட்சியைத் தொடங்கிய ரபி ரெயின்ஸ், "இதற்கும் மெசியாவுக்கும் முடிச்சுப் போடாதீர்கள், அடிபடும் மக்களுக்கு ஒரு புகலிடம், அவ்வளவுதான்" என்கிற கட்சி. 1903-ல் கிஷினேவ் நகரில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டில் பிரிட்டன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இடம் தரலாம் என்றது. உகாண்டா திட்டம் என்று அதற்குப் பெயர். இடம் இன்றைய கென்யாவில். சியோன் தவிர வேறு மண் வேண்டாம் என்று மதப் பற்றில்லாத ரஷ்யப் பிரதிநிதிகள் கண்ணீரோடு வெளியேறினார்கள். மிஸ்ராஹியின் ரபிகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கத் திட்டத்தைப் பரிசீலிக்கலாம் என்று வாக்களித்தார்கள்! முதலில் உயிர், பிறகு ஊர் என்று நினைத்தார்கள். அன்றைய என் பட்டிமன்ற வாதம் இங்கே தலைகீழாகவே நிற்கிறது.

ரெயின்ஸுக்கு நேர் எதிர் ரபி ஆபிரகாம் குக். 1904-ல் யாஃபாவுக்கு வந்தார். இந்த இயக்கம் மீட்பின் தொடக்கமே, தொழுகை மறந்த தொழிலாளியும் அறியாமல் கடவுளின் வேலையைத்தான் செய்கிறான் என்றார். 1909-10 ஷ்மிட்டாவில் அவரும் விற்பனைச் சலுகையை அனுமதித்தார். மனசில்லாமல்தான் அனுமதித்தார். அதே சமயத்தில் ஷ்மிட்டாவின் மேன்மையைப் புகழ்ந்து ஒரு நூலும் எழுதினார். கடுமையாகக் கடைப்பிடிக்க விரும்பியவர்களையும் அவர் மதித்தார்.

சியோனிசத்தை ஏற்காத ரபிகள் 1912-ல் கட்டோவிட்ஸ் நகரில் கூடி அகுதாத் இஸ்ரேல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எருசலேமில் குக்கின் கருத்துக்கு எதிரணியில் நின்ற பெரியவர் யோசெஃப் ஹயீம் சோனன்ஃபெல்ட். பின்னாளில், 1921-ல் குக் தலைமை ரபியானபோது அந்தப் பதவியையே சோனன்ஃபெல்ட் தரப்பு ஏற்கவில்லை. அவ்வளவு தூரம். ஆனால் 1913 கடைசியில் இந்த இருவரும் வேறு சில ரபிகளோடு சேர்ந்து வடக்கே கலிலேயாக் கிராமங்கள் வரை பயணம் போனார்கள். சமயத்தை விட்டு விலகிக்கொண்டிருந்த இளம் குடியானவர்களைப் பார்த்துப் பேசத்தான் அந்தப் பயணம். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த காட்சி அதுதான். தாளில் எதிரெதிரே நின்ற இருவர் ஒரே பாதையில் போய், ஒரே வீட்டில் தங்கி, ஒரே குழந்தைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

நண்பர்களே, பின்னால் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 1939-45 போரில் ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். இருங்கள், பொறுங்கள் என்று சொன்ன எத்தனையோ ரபிகள் தம் மக்களோடு சேர்ந்து மடிந்தார்கள். 1948-ல் இஸ்ரேல் பிறந்தது. அந்தப் போரில் ஏறக்குறைய 7 லட்சம் பாலஸ்தீன அரபுகள் வீடிழந்தார்கள். முதலாவதைக் காட்டி, 'கிளம்பு என்றவரே ஞானி' என்று சொல்லிவிடலாம். இரண்டாவதைக் காட்டி, 'பலவந்தமாகப் போகாதே என்ற சத்தியத்தில் அர்த்தம் இருந்தது' என்றும் சொல்லலாம். இரண்டையும் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1836-ல் கடிதம் எழுதியவருக்கும் 1888-ல் கலப்பையைக் கீழே வைத்தவருக்கும் அது எதுவும் தெரியாது. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதினவனுக்கு மார்க் போடுவது எளிது.

இன்னொன்றும் என் மனசில் தைத்தது. அந்த ஷ்மிட்டா விற்பனைப் பத்திரத்தில் வாங்குகிறவர் என்று ஒருவர் வருகிறார் அல்லவா? அந்த மண்ணில் வாழ்ந்த முஸ்லிம் அவர். தாளில் சில காலம் நிலத்துக்குச் சொந்தக்காரர். வயலில் கூலியாள். கூடும், கூடாது என்று இரண்டு பக்கமும் எழுதிய பக்கங்கள் ஏராளம். நான் படித்த அளவில், அவரை யாரும் 'உங்களுக்கு என்ன தோணுது?' என்று கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு சட்ட வாதம் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், அதில் உட்கார வைக்கப்படாத ஒரு ஆள் இருக்கலாம். நாம் அணை கட்டினாலும் ஆலை கட்டினாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பட்டிமன்றத்துக்கு ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்துக்குள் ஒரு சமுதாயத்தின் நூறு வருஷ மனப் போராட்டத்தை 'உட்கார்ந்தார்கள், நடந்தார்கள்' என்று இரண்டு சொல்லில் அடைத்தேன். கைதட்டலும் வாங்கினேன். பேசுங்கள், பேசாமல் இருக்காதீர்கள். ஆனால் மேடையிலிருந்து இறங்கியதும், நீங்கள் கேலி செய்த பக்கத்தின் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். அந்தப் பக்கத்திலும் யாரோ ஒரு விவசாயி பசியோடு நின்றிருப்பான்.

1888-ல் ஒரே ஒரு முறைக்கு என்று கொடுத்த சலுகை 2021-22 ஷ்மிட்டா ஆண்டிலும் நடைமுறையில் இருந்தது. அதை ஏற்காதவர்களும் இருந்தார்கள். அடுத்த ஷ்மிட்டா 2028-29-ல் வருகிறது. வாக்குவாதம் அப்போதும் நடக்கும்.

அந்த எவர்சில்வர் தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இன்று கிளம்பினேன். "பரிசாக் கெடச்ச சாமானைத் திருப்பிக் குடுக்கிறதாவது" என்று அம்மா விடவில்லை. ஆகவே தம்ளர் வீட்டில் இருக்கிறது. கடனை மட்டும் இன்று இங்கே தீர்த்துவிட்டேன் என்று நம்புகிறேன்.